நாற்பத்தொன்றாவது ஜன்னல்

நிரந்தர எண் பிரிவு அந்தப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் ஐந்து முறை இடம் மாறியிருந்தது. தூசி மேடம் அதைத் தேடிப் போன சமயத்தில், பழைய வேதியியல் கூடத்துக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகைக்கு மேல் எழுப்பிய ஓர் அறையில் இருந்தது. கதவுப் பலகையில் 'நிரந்தர' என்ற சொல் மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. பெயின்ட் அடிக்க ஆள் வருவதற்குள் அடுத்த இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று எழுத்தர் விளக்கம் சொன்னார்.

தூசி மேடம் என்பது வளாகம் வைத்த பெயர். நகரத்தின் ஓரத்தில் ஒரு ஜல்லி ஆலை இருந்தது. அதைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களில் நாற்பது வீடுகளை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். திங்கள்தோறும் அந்த வீடுகளுக்குப் போய், ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் நீளத்தை மெல்லிய தூரிகையால் பெருக்கி, சிறு சீசாவில் அடைத்து, ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதுவாள். ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்துவந்தாள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். தூசி மட்டும் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"ஊர்ல உள்ள ஜன்னலுக்கெல்லாம் கணக்கு வெச்சிருக்க. நம்ம வீட்டு டிவி மேல இருக்கிறது எந்தக் கணக்குல வருது?" என்பார் அவளுடைய கணவர்.

"அது நாற்பதுல சேராதுங்க. நீங்க துடைச்சு எடுத்துட்டு வாங்க, நான் எடை போட்டுத் தர்றேன்."

பதினேழாம் ஜன்னல் ஒரு தையல்காரியுடையது. பள்ளிச் சீருடைகள் தைப்பவள். வெள்ளைச் சட்டையைத் தைத்து முடித்துப் பித்தான் கட்டுவதற்குள் காலர் சாம்பல் நிறமாகிவிடும். சட்டையையாவது துவைக்கலாம். அவளுடைய மகளின் நெஞ்சைத் துவைக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் இருமல் தையல் இயந்திரத்தைவிடச் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நான்கு தெருக்காரர்களும் சேர்ந்து மனுக் கொடுத்து, ஒருவழியாக அரசு ஒரு விசாரணை அதிகாரியை நியமித்தது. அவரிடமிருந்து வந்த கடிதத்தைத் தையல்காரி இவளிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"கடைசி வரியைப் படிங்கக்கா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

'நிரந்தர மின்னணு எண் பெற்ற ஆய்வுகள் மட்டுமே சான்றாக ஏற்கப்படும்.'

பயப்பட ஒன்றுமில்லை என்று தூசி மேடம் சொன்னாள். அது ஒரு சாதாரண ஏற்பாடு. ஆய்வுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். இணையதளம் மாறினாலும், சர்வர் மாறினாலும், துணைவேந்தரே மாறினாலும், அந்த எண்ணைத் தட்டினால் ஆய்வு வந்து முன்னால் நிற்கும். பின்னால் யாரும் ரகசியமாகத் திருத்த முடியாது. எண் கொடுக்கக் கணினிக்கு நான்கு நிமிடம் ஆகும். விசாரணைக்கு ஏழு வாரம் இருந்தது.

"நாலு நிமிஷம்தானா?" என்று தையல்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தூசி மேடம் பிறகு பலமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

*

எழுத்தர் நல்ல மனிதர். அந்த அறையில் நல்ல மனிதராக இருப்பதற்கு அவருக்கு நிறைய நேரமும் இருந்தது. ஏழாம் படிவத்தை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, அவளிடம் கொடுத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். அவர் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, மூன்றாம் வரியில் நிறுத்தினார்.

"இதைக் காலியா விட்டுட்டீங்களே, மேடம்."

'ஆய்வின் நிரந்தர எண்' என்று அந்த வரி கேட்டது.

"அதை வாங்கத்தானே அண்ணே வந்திருக்கேன்?"

"வாஸ்தவம்தான். ஆனா காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அதுக்குத்தான் தற்காலிக நிரந்தர எண்ணுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். பதினஞ்சு நாளைக்குச் செல்லும். அதுக்குள்ள நிரந்தர நிரந்தர எண் வந்துடும்."

"வரலைன்னா?"

"தற்காலிகத்தைப் புதுப்பிச்சுக்கலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தர் நாலு வருஷமாப் புதுப்பிச்சுட்டே இருந்தார். போன மாசம் ரிட்டயர் ஆனார். பாவம், தங்கமான மனுஷன்."

தன் பெயரில் ஒரு கோப்பு திறக்கப்படுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பு நிற அட்டையின் மேல் எழுத்தர் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'பொருள்: தூசி, தொடர்பாக.' விசாரணைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று, ஒன்பது ஆண்டு அட்டவணைகளையும் அச்செடுத்து வந்திருந்தாள். நூற்று ஐம்பத்தாறு பக்கங்கள். அவற்றை 'இணைப்பு 3' என்று குறித்து அவர் கோப்பில் கோத்தார்.

அதுவரை அந்தப் பிரிவு எத்தனை எண் கொடுத்திருக்கிறது என்று அவள் பேச்சுவாக்கில் கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த பட்டியலை எழுத்தர் காட்டினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு. துணைவேந்தரின் உரைகள் முந்நூற்றுப் பத்து. கூட்டக் குறிப்புகள் நானூறுக்கு மேல். பிரிவு இடம் மாறியதை அறிவித்த சுற்றறிக்கைகள் ஐந்துக்கும் தனித்தனி எண். 'லிப்ட் பழுது' என்ற அறிவிப்புக்கும் இருந்தது. லிப்டைச் சரிசெய்துவிட்டார்கள். அறிவிப்பு மட்டும் இனி அழியாது.

"ஆராய்ச்சி எத்தனை அண்ணே?"

"ஆராய்ச்சிக்கு நிலைத்தன்மைக் குழு இருக்கே மேடம்," என்றார் எழுத்தர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அதைத் தாண்டி இன்னும் எதுவும் வரல."

*

நிலைத்தன்மைக் குழுவில் மூன்று பேர். அதில் இருவர் கையெழுத்துப் போடுவதற்கு, ஒருவர் பேசுவதற்கு. பேசுபவர் பிரிவின் இயக்குநர். தலைமுடியைக் கருப்பாகவும் மீசையை இயற்கையாகவும் வைத்திருந்தார். அவளுடைய அட்டவணையில் முதல் பக்கத்தை மட்டும் திறந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்னம்மா, ஒரு வாரம் ரெண்டு கிராம்ங்கறீங்க, அடுத்த வாரம் மூணுங்கறீங்க?"

"தூசி மாறும் சார். மழைக்காலத்துல குறையும். ஆலை ரெண்டு ஷிப்ட் ஓட்டினா ஏறும். மாறுறதைத்தான் சார் அளந்திருக்கேன்."

"அங்கதாம்மா சிக்கல். நாங்க கொடுக்கிறது நிரந்தர எண். நிரந்தரமான எண்ணை, மாறிக்கிட்டே இருக்கிற சமாச்சாரத்துக்கு எப்படிக் கொடுக்கிறது? என்னையே எடுத்துக்குங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நான் பேசின பேச்சு எதையும் நான் மாத்தினதில்ல. தப்புன்னு தெரிஞ்சாக்கூட மாத்தினதில்ல. ஏன்? நிலைத்தன்மை! இன்னைக்கு இந்த நாட்டுக்கு வேண்டியது அதுதான். அறிவு வரும், போகும். எண் நிக்கும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒருவர் இதைக் குறிப்பில் ஏற்றலாமா என்று கேட்டார். ஏற்றினார்கள். அந்தக் குறிப்புக்கு மறுநாள் நிரந்தர எண் கிடைத்தது. அது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாவது.

அவளுக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். முதலாவது, எண் வழங்கிய தேதிக்குப் பிறகு அந்த ஜன்னல்களில் தூசி விழாது என்று ஆய்வாளர் உறுதிமொழி தர வேண்டும். இரண்டாவது, தூசி யாருக்குச் சொந்தமோ அவரிடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று.

முதல் நிபந்தனையை அவள் வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"தூசி விழாதுன்னா, நீ என்ன பண்ணுவ?"

"விழாதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"பொய்யா?"

"'ஆய்வுக்காலம் முடிந்ததால் ஆய்வுக்குரிய தூசி இனி விழாது'ன்னு எழுதினேன். அவங்களுக்கு ரொம்பத் திருப்தி. நல்ல தமிழ்னு இயக்குநரே பாராட்டினார்."

கணவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியம் அவ்வளவு எளிதாகத் தன் கையிலிருந்து வந்தது அவளை உறுத்தியது. ஒன்பது ஆண்டு ஒரு மில்லிகிராம் பிசகாமல் எழுதிய கை. அந்த அறையில் நான்கு முறை உட்கார்ந்து எழுந்ததற்கே அதற்கு அவர்களுடைய எழுத்து நடை வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது கையைப் பார்த்துக்கொண்டே கழுவினாள்.

*

இரண்டாவது நிபந்தனைக்காக ஜல்லி ஆலைக்குப் போனாள். மேலாளர் மரியாதையாக உட்காரச் சொன்னார். மேசையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு அவளை, ஏமாற்ற வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எங்க தூசின்னு நான் கையெழுத்துப் போடணும். அதை வெச்சு எங்க மேலயே நீங்க கேஸ் நடத்தணும். அப்படித்தானே?"

"பல்கலைக்கழகத்துல கேக்கறாங்க சார்."

"எங்க தூசி எங்க காம்பவுண்டுக்குள்ளதாம்மா இருக்கு. வெளியில போறது எதுவும் எங்களோடது இல்ல. வேணும்னா அதை எழுதித் தர்றேன்." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க. இந்த யோசனை உங்க ஆபீஸ்ல யாரோடது? அந்த மாதிரி ஆளு எங்களுக்குக் கெடைச்சா நல்லா இருக்கும்."

அப்படியானால் தூசி விழுந்த இடத்துக்காரர்தான் உரிமையாளர் என்று நிரந்தர எண் பிரிவு தீர்ப்புச் சொன்னது. எனவே நாற்பது வீடுகளிலும் ஆளுக்கொரு சான்று.

"நம்ம தூசியா?" என்று தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "விழற வரைக்கும் அவனோடது, விழுந்துட்டா நம்மளோடதா? நல்ல நியாயமா இருக்கேக்கா! அப்ப இவ இருமலும் எங்க வீட்டுச் சொத்துதான்னு எழுதிக் கேப்பாங்களா?"

"கையெழுத்து மட்டும் போடும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நாலு நிமிஷம்னு சொன்னீங்க."

அது குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதில்லை. அதனாலேயே அதிகம் வலித்தது. உள்ளே மகள் இருமினாள். தையல்காரி கையெழுத்துப் போட்ட தாள்மேல், மை காய்வதற்குள் நாலைந்து வெண்துகள்கள் வந்து உட்கார்ந்தன. தூசி மேடம் ஊதிவிடவில்லை. அப்படியே மடித்து எடுத்துக்கொண்டாள்.

நாற்பது சான்றுகளும் கோப்பில் ஏறின. தற்காலிக நிரந்தர எண் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கையில் குழு தன் முடிவை எழுதியது: 'ஆய்வின் பொருள் மாறும் தன்மையுடையதால், மாற்றம் நிற்கும் வரை விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்படுகிறது. இணைப்பு 3 காண்க.' அதன் கீழே மூன்று கையெழுத்துகள். இணைப்பு மூன்றை அவர்கள் யாரும் கண்டதற்கான அடையாளம் இல்லை. எழுத்தர் கட்டிய நூல்முடிச்சு அவிழ்க்கப்படாமல் இருந்தது.

*

அன்று அவள் அந்த அறையில் எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். எழுத்தரும் கவலையாகத்தான் இருந்தார். அவருடைய கவலை வேறு.

"தர மதிப்பீட்டுக் குழு வெள்ளிக்கிழமை வருது மேடம். ஆயிரம் எண் கொடுத்துட்டோம்னு சார் ஏற்கனவே மேல எழுதிட்டார். இருக்கிறது தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது. துணைவேந்தரும் ஊர்ல இல்ல. இருந்தா எதாவது பேசச் சொல்லலாம்."

"லிப்டு?"

"அது நல்லா ஓடிட்டிருக்கு, சனியன்."

பேச்சை மாற்றுவதற்காக அவர் அவளுடைய கோப்பை எடுத்துப் பக்க எண் போட ஆரம்பித்தார். படிவங்கள், புதுப்பிப்புகள், குறிப்புகள், முடிவு, சான்றுகள் எல்லாம் ஐம்பத்தெட்டில் முடிந்தன. பிறகு அட்டவணைகள். இருநூற்றுப் பதினாலு என்று எழுதியவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"மேடம். விதி பதினொண்ணு."

"என்ன அண்ணே?"

"இருநூறு பக்கத்துக்கு மேல, மூணு அதிகாரி கையெழுத்தோட இருக்கிற எந்தக் கோப்பும் நிறுவன ஆவணம். அதுக்கு நிலைத்தன்மைக் குழு தேவையில்ல. நேரா எண்." அவர் கோப்பைத் தட்டிக் காட்டினார். "உங்க ஆராய்ச்சிக்குக் கெடையாது. அதுக்குக் கெடையாதுன்னு சொன்ன கோப்புக்கு உண்டு."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"கோப்பை முழுசா ஏத்துவீங்களா? இணைப்போட?"

"ஒரு பக்கம் விட்டாலும் குத்தம் மேடம்."

"ஆசிரியர்னு யார் பேர் போடுவீங்க?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பு எந்தப் பிரிவில் திறக்கப்பட்டதோ அந்தப் பிரிவின் தலைவரே ஆசிரியர். அதுவும் விதி பதினொன்றில்தான் இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் பெயர் போகிறதே என்ற வருத்தம் தனக்கு வராது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தாள். தூசி அளப்பவளுக்குப் பெயர் என்ன பெரிய பெயர்! ஆனால் வந்தது. நன்றாகவே வந்தது. ஒன்பது ஆண்டுத் திங்கட்கிழமைகள் அந்த இயற்கை மீசைக்குக் கீழே போய் உட்காரப்போகின்றன. தன்னை அடக்கமானவள் என்று நினைத்திருந்தவள், அடக்கம் என்பது இதுவரை யாரும் எதையும் பறிக்காததால் இருந்த சௌகரியம் என்று அந்தச் சைக்கிள் கொட்டகை மாடியில் தெரிந்துகொண்டாள். பிறகு பதினேழாம் ஜன்னலை நினைத்தாள்.

"போடுங்க அண்ணே," என்றாள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. ஆயிரமாவது எண்ணை இயக்குநர் பெரிய அட்டையில் எழுதித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். 'தூசி, தொடர்பாக' என்ற தலைப்பைத் தர மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் மிகவும் ஆழமானது என்றார். இயக்குநர் அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு, இதன் பின்னால் ஏழு வார உழைப்பு இருக்கிறது என்றார்.

*

விசாரணை அறையில் அதிகாரி எண்ணைத் தட்டினார். கோப்பு வந்து நின்றது. இருநூற்றுப் பதினாலு பக்கங்கள். ஐம்பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து அட்டவணைகள்.

"எண் இருக்கு. ஏத்துக்கலாம்," என்றார் அதிகாரி. "ஆசிரியர் வந்திருக்காரா? அவர்தான் விளக்கணும்."

இயக்குநர் வந்திருந்தார். அழைப்பாணை வந்ததும் முதலில் அவருக்கு முகம் வெளுத்தது என்று எழுத்தர் சொல்லியிருந்தார். கோப்பை முதல்முறையாக முழுக்கப் பிரித்துப் பார்த்தாராம். ஆனால் ஆயிரமாவது எண் தன்னுடையது இல்லை என்று சொன்னால் படத்தை என்ன செய்வது? நுழைவாயிலில் அது ஆள் உயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. எனவே புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். தூசி மேடம் பின்வரிசையில், தையல்காரிக்குப் பக்கத்தில், 'தரவு உதவி' என்ற அட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆலையின் வக்கீல் எழுந்தார். முதல் அட்டவணையைத் திறந்தார்.

"இதுல ஒரு வாரம் ரெண்டு கிராம், அடுத்த வாரம் மூணு கிராம்னு இருக்கு. மாறிக்கிட்டே இருக்கிற ஒரு கணக்கை எப்படி சார் நம்புறது?"

தூசி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே கேள்வி. கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

இயக்குநருக்குக் கோபம் வந்தது. அவருடைய பெயர் போட்ட ஆவணத்தை ஒருவன் சந்தேகப்படுகிறான்.

"என்ன சார் பேசறீங்க? தூசி மாறாம பின்ன என்ன பண்ணும்? மழை பெஞ்சா குறையும், நீங்க ரெண்டு ஷிப்ட் ஓட்டினா ஏறும்! மாறுறதைத்தானே அளந்திருக்கு? மாறாம ஒரே எண்ணா இருந்தா அதுதான் சார் பொய்க்கணக்கு. இது கூடத் தெரியாம விசாரணைக்கு வந்துட்டீங்க!" மேசையைத் தட்டினார். "எங்க பிரிவுல சும்மா எண் கொடுத்துட மாட்டோம். வரி வரியாப் பாத்துத்தான் கொடுப்போம்."

"அப்ப நீங்களே ஒவ்வொண்ணையும் சரிபார்த்தீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"என் கையெழுத்தே இருக்கே!"

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு வக்கீல், உரிமையாளர் சான்றுகளைக் காட்டி, தூசி தங்களுடையது என்று நாற்பது வீட்டாரே எழுதியிருக்கிறார்களே என்றார். இந்த இடத்தில் இயக்குநர் சிரித்தார்.

"எந்த முட்டாளாவது தூசிக்கு உரிமையாளர் சான்று கேப்பானா சார்?"

சான்று கேட்டு அவர் எழுதிய குறிப்பு ஏழாம் பக்கத்தில், அழிக்க முடியாதபடி, இருந்தது.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஆலை தன் அரவை இயந்திரங்களை முழுக்க மூடி, நீர் தெளித்து, ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்ட வேண்டும். தையல்காரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். பிறகு இவளிடம் வந்து கேட்டாள்:

"அந்த மீசைக்காரர் யாருக்கா? எவ்ளோ நல்லாப் பேசினார்! நம்ம ஜன்னலுக்கு அவர் எப்ப வந்து அளந்தார்? நான் பாத்ததே இல்லையே!"

"அவர் ரொம்ப நுணுக்கமா அளப்பார்," என்றாள் தூசி மேடம். "கண்ணுக்கே தெரியாது."

தையல்காரி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளேயிருந்து மகளும் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது. இருந்தாலும் சிரிப்பு முதலில் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை நாற்பது வீடுகளையும் முடித்துவிட்டு, தூசி மேடம் நிரந்தர எண் பிரிவுக்குப் போனாள். பிரிவு ஆறாம் முறையாக இடம் மாறுவதற்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் அளந்து, தூரிகையால் பெருக்கி, சீசாவில் அடைத்தாள். பார்வைக்கே தெரிந்தது. ஆலைக்கு எதிர்வீட்டு ஜன்னலிலும் இவ்வளவு சேர்ந்ததில்லை. நோட்டில் புதிதாக ஒரு வரிசை தொடங்கி, நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

உள்ளே நுழைந்த இயக்குநர் நின்றார்.

"என்னம்மா பண்றீங்க இங்க?"

அவள் சீசாவின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"உங்க ஆராய்ச்சிதான் சார்," என்றாள். "தொடருது."